நீ அழித்த குரல்கள்

நேற்று வெள்ளானூர்ப் பள்ளியில் ஒரு பழைய மடிக்கணினியைத் திறந்தபோது உன் குரல் கேட்டது. "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" வானொலியில் செய்தி வாசிக்கிறவர் போல, ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்த குரல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதில் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை கேட்டிருக்கிறார் உன் மனைவி. என்னிடம் இருப்பவை மலருக்கு ஆகாதவை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் வாசிக்கப் பழக ஒரு மென்பொருள், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று நாம் தொடங்கியபோது, நிரல் எழுதியது நீ. ஆள் சேர்த்தது நான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களை டீக்கடையில் மடக்கிப் பேசினேன். படம் வரைய ஓர் ஆட்டோ ஓட்டுநர் கிடைத்தார், சொற்களைச் சரிபார்க்க ஓர் அங்கன்வாடி டீச்சர், சோதித்துப் பார்க்கச் சில கல்லூரிப் பெண்கள். ஞாயிறுதோறும் ஆவடியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடினோம். "கொழந்த கண்டபடி தட்டுனாலும் நின்னுடக் கூடாது மச்சான், அதான் டெஸ்ட்டு" என்பாய். வேலையில் நீ கெட்டிக்காரன். இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

என் தங்கை செல்விதான் அந்த யோசனையைச் சொன்னாள். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பேசுவதையே முதலில் கேட்கவைத்து, பிறகு புத்தகத் தமிழுக்கு அழைத்துப் போகலாம் என்றாள். நீயும் தலையாட்டினாய். ஒரு மாதம் வீடு வீடாகப் போய்த் தன் போனில் பதிவு செய்தாள். "எங்க ஊட்ல ஆடு கீது, துணியெல்லாம் துன்னுது" என்று ஒரு சின்னப் பெண் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவதும் அதில் இருந்தது.

வெளியிடுவதற்கு முந்தைய ஞாயிறு, எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினாய். அந்தக் குரல்கள் ஒன்றுகூட இல்லை. எல்லா இடத்திலும் உன் குரலே பேசியது.

"புள்ளைங்க பேசுனது எங்க?" என்று செல்வி கேட்டாள்.

நீ அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாய்: "தூக்கிட்டேன் மச்சான். இது பாடம். இதுல சேரித் தமிழ் இன்னாத்துக்கு?"

'இன்னாத்துக்கு' என்றுதான் சொன்னாய். மாங்காட்டில் நிலம் வைத்திருந்த குடும்பம் உன்னுடையது. அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்கு இறங்கியவர்கள் எங்கள் ஆட்கள். பேச்சு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். உன் வாயில் வந்தால் தமாஷ், எங்கள் பிள்ளைகள் வாயில் வந்தால் சேரித் தமிழ்.

செல்வி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"அவகிட்ட மன்னிப்பு கேளு" என்றேன்.

"இன்னாடா பெருசா பேசற? புடிக்கலன்னா காப்பி எடுத்துகினு போ. ஓபன் சோர்ஸ்தானே" என்று சிரித்தாய்.

எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டோக்காரரும் டீச்சரும் என்னோடு வந்தார்கள். செல்வியின் போனில் பதிவுகள் பத்திரமாக இருந்தன. அவற்றைச் சேர்த்து நாங்களே வெளியிட்டோம்.

அதன்பிறகு மூன்று வருடம் நாம் பேசவில்லை. ஒருமுறை ஆவடி ஸ்டேஷனில் எதிரே வந்து, "நல்லா கீறியா?" என்றாய். நான் படியேறிப் போய்விட்டேன். மாரடைப்பில் போய்விட்டாய் என்று தெரிந்து மாங்காட்டுக்கு வந்தேன். மாலை வாங்கவில்லை. அழுகையும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் கேட்காமலே தப்பித்துவிட்டான் என்ற கோபம்தான் வந்தது.

போன வாரம் புதிய பதிப்பை வெளியிட உட்கார்ந்தோம். நிரல் கோப்பின் தலைப்பில் உன் பெயர் இருப்பதைச் செல்வி பார்த்தாள்.

"இந்தாளு பேரு இன்னும் இன்னாத்துக்குண்ணா?"

எழுதியவர் பெயரை எடுக்கக் கூடாது என்று உரிமத்திலேயே இருக்கிறது என்றேன். அது மட்டும் காரணமில்லை. அந்த நிரலைப் போல எழுத எங்களில் யாருக்கும் இன்னும் கைவரவில்லை.

"சரி, இருந்துட்டுப் போவட்டும். அவன் சொன்னத நான் மறக்க மாட்டேன்" என்றாள்.

நானும்தான். நீ எழுதியது நீ எழுதியதுதான். நீ சொன்னதும் நீ சொன்னதுதான். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.