தொனிக்காக விழுந்த அடி

மார்ச் 3, 1927. லைப்சிக்

லீஸ்பெத்துக்கு இன்றும் அளவுகோலால் இரண்டு அடி. மே மாதம் இறுதித் தேர்வு. இன்னும் பியானோவைக் கறி கொத்துவது போலக் கொத்துகிறாள். "இது உங்கப்பன் கறிக்கடை இல்லடி. தொனி எங்க?" என்று கத்தினேன்.

"நீங்க அடிச்சா தொனி வந்துடுமா மேடம்?"

மூன்றாவது அடி அதற்கு.

மார்ச் 7

சுருதி சேர்க்க வந்த நோவாக், பியானோவைத் திறந்துபோட்டு, லீஸ்பெத்தின் முன்னாலேயே என்னைச் சீண்டினான். "பாருங்க, கம்பியத் தொடுறதுக்கு மயிரிழை முன்னாடியே நீங்க அழுத்துற விசைக் கட்டை சுத்தியலை விட்டுடுது. அப்புறம் அது தானா பறந்து போய் அடிக்குது. மெத்துனு தொட்டீங்களா, முழங்கையால இடிச்சீங்களான்னு கம்பிக்கு யாரு சொல்லுவா? வேகம் மட்டுந்தான் போய்ச் சேரும்."

காப்பிக் கோப்பையை அவன் மேல் எறிந்தேன். சுவரில் பட்டு உடைந்தது. குறி தப்பியதுதான் வருத்தம்.

மார்ச் 8

முப்பது வருடமாக என் காது பொய்யா சொல்கிறது?

மார்ச் 12

ஒரே சுரத்தை நாற்பது தடவை வாசிக்கவைத்தேன். நாற்பதும் தகரம். "தொனின்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம் மேடம். வேகந்தானாம்" என்றாள். பியானோ மூடியை ஓங்கி அறைந்தேன். அவள் இடது கை உள்ளே இருந்தது. தெரியாதா எனக்கு? தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்.

மார்ச் 14

இரண்டு விரல் முறிவு. இனித் தேர்வு இல்லை. மூடி தானாக விழுந்தது என்று இசைப்பள்ளி முதல்வரிடம் சொன்னேன். லீஸ்பெத் வாயே திறக்கவில்லை.

மார்ச் 19

நோவாக் வந்து நின்றான். "அந்த மூடி தானா விழாது. நாந்தான் மாட்டினேன். தொனிக்காகத்தானே அந்தப் பொண்ணு கைய ஒடிச்சீங்க? அப்படி ஒண்ணு இருக்குன்னு காதால நிரூபிங்க, பாப்போம்."

திரைக்குப் பின்னால் ஒரே சுரம், ஒரே பலத்தில், இருபது முறை. சில முறை என் சிறந்த மாணவன் எகோன் விரலால். சில முறை நோவாக் குடை முனையால். எது விரல், எது குடை என்று இருபதையும் சரியாகச் சொன்னேன். "இனிமே வாயை மூடுடா!" என்று குதித்தேன்.

அவன் விசைக் கட்டைகள் மேல் தடித்த கம்பளியை விரித்தான். மறுபடி இருபது. பதினொன்றுதான் சரி. குடையைக் கேட்டு "ஆகா, எகோன்" என்று ஐந்து தடவை சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் நான் கேட்டது கம்பியை இல்லை. விசைக் கட்டையில் விரல் மோதும் 'டொக்'. அந்த டொக்குக்காகவா? திரையைக் கிழித்தேன். எகோனை அறைந்தேன் — அவன் என்ன செய்தான், பாவம்.

மார்ச் 21

காவல் நிலையத்துக்கு நானே போனேன். மூடி தானாக விழவில்லை என்றேன். எழுதிக்கொண்ட அதிகாரி, "எதுக்காக அப்படிச் செஞ்சீங்க?" என்றார்.

"அவ விரல் பதியுற விதம் சரியில்ல."

எங்கள் ஜெர்மனில் அதற்கும் தாக்குதலுக்கும் ஒரே சொல். அவர் குழம்பிப் போனார். "யாரு யாரைத் தாக்கினாங்க? அந்தப் பொண்ணா உங்களை?"

அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"கோபம்னு எழுதிக்குங்க" என்றேன்.