கண்ணுக்குக் கீழே இருந்த பைகள்

அன்பு மகள் இன்ஹேவுக்கு, குன்சானிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் முதியோர் இல்லத்தில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார், கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

ஐந்து வாரமாகப் போனில் முகத்தைக் காட்டாமல் தட்டிக் கழித்தேன், கோபித்துக்கொள்ளாதே. பிறந்தநாள் பரிசாக நீ ஏற்பாடு செய்த, கண்ணுக்குக் கீழே பை எடுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் ஏன் அவ்வளவு தயங்கினேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. அப்பாவுக்கு என் பெயர் மறந்து ஒரு வருஷமாகிறது. நான் போனால் கண்ணுக்குக் கீழே தொங்கும் பையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வந்துட்டியா என்பார். அதையும் எடுத்துவிட்டால் அவருக்கு நான் யார்? உன் சித்தி விடவில்லை. "கொரியாவுல இப்ப எந்தப் பொண்ணுடி அம்மாவுக்கு இதைச் செஞ்சு வைக்கல? கறுப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டுக் கிளம்பு" என்று இழுத்துப் போய்விட்டாள்.

டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். பிதுங்கிய கொழுப்பை வெட்டி எறியாமல் கீழே இருக்கும் பள்ளத்தில் பரப்பிவிடுவோம் என்றார், மெத்தைப் பஞ்சைத் தட்டிச் சமமாக்குவது போலத்தான். ஊசி போட்டதும் ஒரு தூக்கம் வந்தது பார், அதில் நான் வெள்ளைத் துணியாகிவிட்டேன், யாரோ என்னைக் கடலோரத்தில் உதறிக் காயப்போட்டார்கள், காற்றில் ஆடிக்கொண்டே இருந்தேன், யாருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, அத்தனை சுகம். வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று தலையணையில் சாய்ந்து, வீக்கம் வற்றப் பூசணிச் சாறு குடித்து, ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பனி வருவதும் போவதுமாக, விழித்திருக்கிறேனா கனவா என்று தெரியாமல் கிடந்தேன். காயம் ஆறும்வரை சித்திதான் அப்பாவைப் போய்ப் பார்த்து வந்தாள்.

நேற்று மத்தியானம் நானே போனேன். கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் கண்ணுக்குக் கீழே வைத்தேன். விரல் கொஞ்சம் தேடியது, பிறகு கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். உன்னையும் சித்தியையும் மனசுக்குள் திட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "அம்மணி, தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? என் பொண்டாட்டி வர்ற நேரம். பாவம், என்னாலதான் அவளுக்குத் தூக்கமே இல்ல, கண்ணப் பார்த்தாலே தெரியும். வந்ததும் அவ உக்காரணும்" என்றார். நாற்பது வருஷத்தில் "நீ களைத்திருக்கிறாய்" என்று ஒரு தடவைகூட அவர் என்னிடம் சொன்னதில்லை இன்ஹே, ஆனால் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான் எழுந்து நின்றேன். விளக்குப் போடும் நேரம்வரை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தோம்.

பரிசு வீணாயிற்று என்று நீ கலங்காதே. நாளைக்கும் போவேன். கடற்பாசியும் நெத்திலியும் பார்சல் போட்டிருக்கிறேன், சூப் வைத்துக் குடி. நீயும் உன் வீட்டுக்காரரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள், களைப்பாக இருந்தால் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா