பத்தாவது ரீலில் விட்டுப்போன துண்டு

கச்சிராயபாளையம்
5-10-87

அன்புள்ள மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் செவலை மாடும் சுகம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிறதுமாக மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். பதில் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். இட ஒதுக்கீடு கேட்டு இங்கே ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய். கள்ளக்குறிச்சி வரைக்கும் புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள், பஸ் இல்லை, தபால் இல்லை. மறியலுக்குப் போன பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் நாலு நாள் கழித்துத்தான் விட்டார்கள், அது வரைக்கும் அவள் அடுப்பே மூட்டவில்லை, நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்து வாயில் வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஆனால் மறியல் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, பஸ் ஓடுகிறது, தபாலும் போகிறது. இந்தப் பன்னிரண்டு நாளுக்கு நான்தான் பொறுப்பு, அது ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய படங்களைக் கழுவித் துடைத்துக் கிழிசலை ஒட்டி, வீட்டில் டெக்கில் போட்டுப் பார்க்கிற கேசட்டாக மாற்றுகிற உன் ஆபீசில் இப்போது நம் ஊர் டெண்ட் கொட்டகையில் ஓடிய ஒரு படம் வந்திருக்கிறது, உலகத்தில் மிஞ்சியது ஒரே ஒரு பிரிண்ட், அதிலும் பத்தாவது ரீலில் ரெண்டு நிமிஷம் காணோம், அங்கே என்ன காட்சி என்று அன்றைக்குக் கொட்டகையில் ஆபரேட்டராகப் படம் ஓட்டின அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறதா கேள் என்று எழுதியிருந்தாய். மறியல் தொடங்கின அன்றைக்குத்தான் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இதுக்கு உங்களை எதுக்குக் கேட்க வேண்டும், நானே சொல்வேன், அங்கே ஒன்றும் இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அப்புறம் சரியாகிவிடும், அம்மாக்காரி வயலுக்கு வேலைக்குப் போவாள் என்றேன். அந்தப் படத்தை நான் நாலு தடவை பார்த்தவள். கடைசி வரைக்கும் குழந்தையைக் காட்டவில்லையே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதைப் பாட்டி வீட்டில் விட்டிருப்பார்கள் என்று நானே கதை சொல்லியிருக்கிறேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பாதியில் எழுந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே சுருட்டின ஃபிலிம், காடி மாதிரி புளிச்ச வாசனை.

உனக்கு முன்னால் உனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது, சின்ன வயதில் அவன் பேரைக் கேட்டபோது உன்னை அதட்டி அனுப்பினேன். பதினோரு மாசக் குழந்தை, மூன்று நாள் காய்ச்சல். அவன் போய் ரெண்டு மாசத்தில் இந்தப் படம் வந்தது. அப்பாவுக்குச் சாயங்காலம் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் மணலில் உட்கார்ந்து படம் பார்ப்பது வழக்கம். முதல் ஆட்டத்தைப் பார்த்த அப்பா, படத்தில் குழந்தை செத்துப்போவதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் நான் வருவதற்குள் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு ரெண்டு முனையையும் ஒட்டிவிட்டார். ஜனங்கள் விசில் அடித்ததும் மெஷின் கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். படம் மாறும்போது திரும்ப ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று வைத்திருக்கிறார். அவர் இல்லாத நேரத்தில், படப்பெட்டியை அடுத்த கொட்டகைக்குக் கொண்டுபோகிற பெட்டிக்காரன் ஒருநாள் முந்தியே வந்து காலை பஸ்ஸில் சங்கராபுரத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பொட்டி பூடுச்சி, துண்டு என் கையில நின்னுடுச்சி, யாருகிட்ட போயி இன்னான்னு சொல்றது என்றார். இத்தினி வருசமா என்கிட்டயாச்சும் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். உங்கிட்ட சொல்றதுக்கா வெட்டனேன் என்றார். அப்பாவோடு ரெண்டு நாள் நான் பேசவில்லை. இருபத்தைந்து வருஷமாக என்னை ஒரு ஏமாளியாக உட்கார வைத்துவிட்டாரே என்று இருந்தது.

அப்புறம் மறியல் முடிந்தது. பதினைந்தாம் தேதிக்குள் வேலை முடிந்தால்தான் தீபாவளிக்குக் கேசட் கடைக்கு வரும், அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க முடியாது என்று நீ எழுதியிருந்ததால் அப்பா பார்சல் கட்டி வைத்துவிட்டார். நான்தான் அனுப்ப விடவில்லை. நீ ஐந்து மாசம் முழுகாமல் இருக்கிறாய். அந்தத் துண்டை நீ ஒரு தடவை பார்த்துவிட்டு விடப் போவதில்லை, ஒவ்வொரு படமாக விளக்குக்கு நேராக வைத்துத் துடைக்க வேண்டும், செத்த குழந்தையை ஆயிரம் தடவைக்கு மேல் பார்க்க வேண்டும். எந்தத் தாய் இதைக் கட்டி அனுப்புவாள். பஸ் இன்னும் சரியா ஓடல என்று ஒருநாள் சொன்னேன், போஸ்ட் ஆபீசில் கூட்டம் என்று ஒருநாள் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை அப்பா சிரித்துக்கொண்டே, அம்சவள்ளி, நீயும் ஆபரேட்டர் ஆயிட்ட, இப்ப நீ வெட்டிக்கினு இருக்கிற என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனதும் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்கு வந்தேன். முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். கட்டை விரல் அகலம்தான் படம். அந்த அம்மாக்காரி அழவில்லை, செல்வி. மடியில் குழந்தை கிடக்கிறது. போர்வை விலகிக் குழந்தையின் காலெல்லாம் வெளியே தெரிகிறது. அவள் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடுகிறாள், அவ்வளவுதான். நானும் அதைத்தான் செய்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வந்து நிற்கிறார்கள், நான் குளிருமே என்று காலை மூடிக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடிச்சுதா இவளுக்கு என்று ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்படிச் செய்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே இதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன், நிறைய அழுதிருப்பேன், ஆனாலும் எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கும். வாசலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அப்பா மேல் இருந்த கோபமும் அதோடு போயிற்று.

அதனால் நாளைக்குக் காலை அப்பா கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பார்சலை ரிஜிஸ்டரில் அனுப்புகிறார். ஓரமெல்லாம் சுருங்கியிருக்கிறது, இழுத்துப் பிடிக்காதே. உன்னோடு வேலை செய்கிற வேறு யாராவது ஒட்டினால் எனக்கு நிம்மதி. நீதான் செய்வாய் என்பதும் எனக்குத் தெரியும், நீ வீரமுத்து மகள், சொன்னால் கேட்க மாட்டாய். பகலில் செய், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் செய், மனசு கலங்கினால் எழுந்து போய்த் தண்ணீர் குடி. வெள்ளிமலையிலிருந்து சாலம்மாள் இறங்கி வந்திருந்தாள், நீ முழுகாமல் இருப்பதைக் கேட்டு ரெண்டு படி சாமை கொடுத்துவிட்டுப் போனாள், அதைத் தனிப் பையில் வைத்திருக்கிறேன், கஞ்சி வைத்துக் குடி. இரும்புச் சத்து மாத்திரையைக் குப்பையில் போடாதே. வளைகாப்பு கார்த்திகையில், மாப்பிள்ளையிடம் இப்போதே லீவு கேட்கச் சொல்.

கேசட் ஆனதும் ஒன்று அனுப்பு. கொளஞ்சியம்மாள் வீட்டு டிவியில் டெக் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம். அந்த இடம் வரும்போது அப்பா பீடி பிடிக்கிற சாக்கில் எழுந்திருப்பார். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். நீயும் உன் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பார்சல் வந்த அன்றைக்கே ஒரு கார்டு போட மறக்காதே.

இப்படிக்கு,
தமிழரசனுக்கும் செந்தமிழ்ச்செல்விக்கும் அம்மா,
அம்சவள்ளி