வாய்க்கால் என்று எழுதினேன்

ஐப்பசி, செவ்வாய் இரவு

அது எங்கள் தெரு என்று இன்று கலெக்டர் அலுவலகத்தில் நான் சொல்லவில்லை.

சோழவந்தான் பக்கத்திலிருந்து வந்த மனு. வெற்றிலைக் கொடிக்கால்காரர் தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டியதில், எங்கள் தெருவிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகும் பாதை அறுந்துவிட்டது. முதல் கையெழுத்து அப்பாவுடையது. குறிப்பில் ‘அகழி’ என்று எழுதி வைத்தேன்.

கண்காணிப்பாளர் சிரித்தார். “அகழியா? எத்தனை முதலை விட்டிருக்காகளாம்? வாய்க்கால்னு போடும்மா. அந்தத் தெரு ஆளுகளுக்கு எதுக்கெடுத்தாலும் மனுதான்.”

வாய்க்காலில் தண்ணீர் ஓடி எங்காவது போய்ச் சேரும். இதில் ஒரு சொட்டு ஓடியதில்லை. ஆள் வரக்கூடாது என்று வெட்டுவதற்குப் பெயர் அகழிதான். இதே மதுரையில் கோட்டை அகழியைத் தூர்த்துத்தான் வீதி போட்டார்கள். இம்புட்டும் படித்தவள், “சரிங்க சார்” என்றேன். மூன்று வருடமாக அலுவலகத்தில் எல்லாரிடமும் என் ஊர் திருமங்கலம் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

திருத்தினேன். ‘விவசாய வாய்க்கால், நடவடிக்கை தேவையில்லை’ என்று நாலு மணிக்கு மனுவை முடித்துவிட்டார்கள். பதில் அப்பா பெயருக்குத் தபாலில் போயிருக்கிறது. உறையில் விலாசம் என் கையெழுத்து.