ஆண் ஈக்கள் முந்திக்கொண்டன

அடையாறு

அன்புள்ள தங்கபுஷ்பம்,

நான் நல்லா இருக்கேன். உன் முட்டுவலி தேவலையா? போன்ல பேசினா குரல் காட்டிக்கொடுத்துரும்னு எழுதுறேன்.

நான் பாட்டில் கழுவுற ஆராய்ச்சிக்கூடத்துல ஈ வளர்க்காங்கல்ல? ஆயுசு கூடணும்னு ஒரு ஜீனை மாத்தினாங்க. பொம்பளை ஈயெல்லாம் இன்னும் பறக்குது. ஆம்பளை ஈ ஒண்ணுகூட மிஞ்சலை. ஒரே ஜீன்தான், ஆனா ரெண்டுக்கும் ஒண்ணுபோல வேலை செய்யாதாம். மனுசருக்கும் அப்படியான்னு மேடம்கிட்ட கேட்டேன்.

"ஈயைப் பாத்தா பயப்படுறீங்க, தனபாலன்?"னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சுவச்சேன். எங்க அப்பாவும் அண்ணனும் ஐம்பதைத் தாண்டலைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஆவணியில நாற்பத்தொன்பது.

அது கிடக்கட்டும். கேஸ் புக் பண்ண, மோட்டார் போட நீயே பழகிக்கோ. ஸ்கூட்டியும் ஓட்டிப் பழகு. தீபாவளிக்கு ஸ்டேஷனுக்கு நீதான் கூப்பிட வரணும். பின்னாடி உட்கார்ந்து உன் தோளைப் பிடிச்சுக்கணும் எனக்கு.

மேடம் கூப்பிடுறாங்க.

தனபாலன்