பிழை என் பகுதியில்தான் இருந்தது

அன்புள்ள வாயாடிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிடும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. நீ ஆய்வை விட்டுப் போனபின் ஆய்வுக்கூடத்தில் பேச்சே இல்லை.

செவ்வாய்க்கிழமை நம் பழைய சோதனையை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒரே தகவலை ஐந்து கணினிகளில் வைத்து, ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்குகின்றனவா என்று பார்த்தோமே, அதுதான். பதிவுகள் காணாமல் போனதற்கு உன் நிரல் காரணமில்லை. ஒரு கணினியின் கடிகாரம் இரண்டு நொடி பின்தங்கியிருந்தது. அதில் வந்த புதிய பதிவுகளைப் பழையவை என்று எண்ணி மற்றவை தூக்கி எறிந்திருக்கின்றன. கடிகாரங்களை அப்படி நம்பி எழுதியது நான். ஏழே வரி.

அன்று கூட்டத்தில் நெறியாளர் உன்னைத் திட்டியபோது, என் பகுதியையும் பார்க்கலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. குனிந்து நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று அவரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதை இப்போ ஏம்மா கிளறுற? அடுத்த மாசம் வைவா. பட்டம் கைக்கு வர்ற நேரம்."

"அந்தச் சோதனை வர்ற அத்தியாயத்தை எடுத்துடறேன் சார்."

"திருப்பி எழுத ஒரு வருஷம் ஆகும்."

"அவளுக்கு மூணு வருஷம் போச்சே சார்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி துறைத்தலைவருக்கு எழுதினார். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வந்தால் என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. வந்து முடி, போதும்.

இப்படிக்கு,
உன் டிபனில் பாதியைத் தின்று வளர்ந்தவள்