பத்தாவது விக்கெட்

இன்று மாலை விக்கிரவாண்டியில் காபி குடிக்க இறங்கினேன். ஓட்டல் வாசலில், மழையில் நனைந்த தேங்காய் நார் கால்மிதி கிடந்தது. அந்த வாடை பட்டதும் உள்ளே போகாமல் நின்றுவிட்டேன். நீ பந்து வீசிய பிட்ச்சில் விரித்திருந்த நார்ப்பாயின் வாடை. உன் கருமாதிக்குத் திண்டிவனம் போய்விட்டுத் திரும்பும் வழியில் இதை எழுதுகிறேன்.

இந்தியா முதல்முறை உலகக் கோப்பை வென்ற மறு வருஷம். உங்கள் ஊர் மைதானத்தில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஆட்டம். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். அன்று எதிரெதிர் அணி. முதல் ஓவரிலேயே என் ஸ்டம்பைப் பறக்கவிட்டு, "வூட்ல சொல்லிக்கினு வந்தியாடா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்து போனார்கள். விழுந்த ஒன்பதும் உன்னுடையவை. அவுட்டானவர்களே அம்பயராக நிற்பது அப்போதைய வழக்கம். நீ பந்து வீசும் பக்கம் நான் நின்றேன். மரத்தடியிலிருந்து எங்கள் பையன்கள் கத்தினார்கள்: "யோவ் ரிப்போர்ட்டரு, பத்து விக்கெட்டுனு நாளைக்கு நீயேதான் எழுதணும்! மொத பலி யாருன்னும் போட்டுடு!" ஒரு நாளிதழுக்கு ஊர்ச் செய்தி அனுப்ப அப்போதுதான் தொடங்கியிருந்தேன்.

நமக்குத் தெரிந்து இரண்டு ஊரிலும் யாரும் பத்து எடுத்ததில்லை. அடுத்த பந்து எங்கள் கடைசி ஆட்டக்காரனின் பேட்டில் உரசி, கீப்பர் கைக்குப் போனது. சத்தம் தெளிவாகக் கேட்டது. நீ அப்பீல்கூடப் பண்ணவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் தலையை ஆட்டினேன். நாட் அவுட். அடுத்த ஓவரில் வேறொருவன் அவனை போல்டாக்கினான்.

எங்கள் தோல்வி எப்போதோ முடிவாகியிருந்தது. அணிக்காகச் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. நீ பத்து எடுக்கக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டாய்: "டேய், நெசமாவே உனக்குக் கேக்கலியா?"

"கேக்கலடா."

"சரி உடு. கேக்கலன்னா எப்படிக் கை தூக்குவ?" என்று டீ வாங்கிக் கொடுத்தாய்.

ஒன்பது விக்கெட் என்று என் செய்தி வந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. அம்பயர் யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அதன் பிறகு எத்தனையோ அதிகாரிகள் முன் நோட்டோடு நின்று, "உள்ளதைச் சொல்லுங்க சார்" என்று கேட்டிருக்கிறேன்.

இன்று பந்தியில் உன் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "பெரிப்பா, அந்தக் கடைசி பாலு பேட்ல படவே இல்ல, அவன் நாட் அவுட்டு குடுத்ததுதான் கரெக்ட்டுன்னு அப்பா சொல்லிக்கினே இருப்பாரு. யாரு கிண்டல் பண்ணாலும் உங்கள உட்டுக் குடுக்க மாட்டாரு. நீங்க கிட்ட நின்னீங்களே, படலதான?"

பட்டது உனக்குத் தெரியும். எதிர் வரிசையில் இருந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் உன் பேச்சு பொய்யாகிவிடுமே என்று உடனே ஒரு சாக்கு கிடைத்தது.

"படல, தம்பி" என்றேன்.

அவனுக்குச் சந்தோஷம். எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னான். குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்றைய பொய்யை இத்தனை வருஷமும் எனக்காக நீ சுமந்தாய். இன்றையதைச் சுமக்க நான் மட்டும்தான் இருக்கிறேன்.